ட்ரான்ஸுக்கு நின்ற பெல்ட்

"நிறுத்தித் தொலை" என்று சூப்பர்வைசர் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

நம்ப முடியாதபடி அது நிஜமாகவே நின்றது. அரைமணி நேரமாக மண்டைக்குள் டம் டம் என்று இடித்துக்கொண்டிருந்த பாட்டின் அடி ஓய்ந்துபோய், யாரோ மூக்கடைப்போடு முனகுவது போல மெல்லிசாக ஒரு இழுவை மட்டும் மிச்சமிருந்தது. அப்பாடா என்று சுழல் நாற்காலியில் சாய்ந்து அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தார்.

பெல்ட்டும் நின்றிருந்தது.

கீழே தளத்தில் டம்ளர்களை நகர்த்திக் கொண்டுபோகிற பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் கையில் எடுத்த டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவர் டேப்பை முழநீளத்துக்கு இழுத்த நிலையில் நின்றார். கண்ணாடி டம்ளர்களைக் கழுவி, உலர்த்தி, காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற அந்தத் தளத்தில் வேலை நேரத்தில் பெல்ட் நிற்பது என்பது சாதாரண விஷயம் இல்லை. வீட்டில் அடுப்பு அணைந்த மாதிரி.

சூப்பர்வைசர் பதறி எழுந்ததும் பெல்ட் ஓடியது. உட்கார்ந்து பார்த்தார், ஓடியது. பாட்டு திரும்ப டம் டம் என்று ஆரம்பித்தது. எரிச்சலில் பேனாவை விரலால் சுழற்றிக்கொண்டே கணக்குப் பார்த்தார். பெல்ட் பேய் பிடித்தது போலப் பறந்து, கடைசியில் நின்றவர் கைக்கு எட்டாமல் நாலைந்து டம்ளர்கள் கீழே விழுந்து நொறுங்கின.

சூப்பர்வைசர் பாட்டை அணைத்துவிட்டு, பெல்ட் அக்காவை மேலே கூப்பிட்டார். பெல்ட்டை ஓட்டும் சுவிட்ச் அவர் பொறுப்பில் இருந்ததால் அந்தப் பெயர். அக்கா காதை நோண்டிக்கொண்டே படியேறி வந்து நின்றார்.

"ஏம்மா பெல்ட்டை நிறுத்தினீங்க?"

"நீங்கதானே சார்..."

"நான்தான் போட்டேன், தெரியும். போட்டா அதுக்குத் தகுந்த மாதிரி நின்னுடறதா?"

"பின்ன எப்படி சார் நிக்காம இருக்கறது? நிக்கலேன்னாலும் திட்டுவீங்க."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு வேகமா ஓட்டினீங்க?"

"அதுக்கும் நீங்கதான் சார்..."

"சரி சரி, போங்க. எல்லாத்துக்கும் நான்தான். மழை பெய்யலேன்னாலும் நான்தான்."

யாரையும் முழு வாக்கியம் பேசவிடுகிற பழக்கம் சூப்பர்வைசருக்கு இல்லை. அந்தத் தளத்துக்கு ஒழுங்கு கொண்டுவந்தவர் அவர். தலைக்கு வலை, கைக்கு உறை, காதுக்கு அடைப்பான், வாய்க்குப் பூட்டு, நாலும் அவர் போட்ட சட்டம். உலர்த்தும் எந்திரம் போடுகிற சத்தத்தில் வாயால் கத்திப் பிரயோஜனம் இல்லை, பேச வேண்டியதைக் கையால் பேசுங்கள் என்று பழக்கியிருந்தார். அப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் இப்போது பாட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

கொண்டுவந்தவர் சின்ன முதலாளி. எங்கேயோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, இசை போட்டால் உற்பத்தி கூடும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். தளத்தின் நாலு மூலைக்கும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் வந்தது. "இந்தச் சத்தத்துல பாட்டு கேக்குமாப்பா?" என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, மாட்டியவர் "செவுரே கேக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடி அறைக்குள்ளும் ஒரு குட்டிப் பெட்டி. தளத்தில் ஓடுவது அதிலும் ஓடும்.

சாயங்காலம் சின்ன முதலாளி வந்தார். சூப்பர்வைசர் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டிய பையன்தான். இப்போது அந்தப் பையன் அவரை நிற்க வைத்துப் பேசினான்.

"அங்கிள், நீங்க போட்டது ட்ரான்ஸ். நான் போடச் சொன்னது டெக்னோ."

"ரெண்டும் டம் டம்தானே தம்பி?"

"வெளியில சொல்லிடாதீங்க அங்கிள். சிரிப்பாங்க."

"யார் சிரிப்பாங்க?"

"எல்லாருமே. ரெண்டும் மெஷின்ல போடற டான்ஸ் மியூசிக்தான், ஆனா ட்ரான்ஸ் வேற, டெக்னோ வேற. ட்ரான்ஸ்ல நடுவுல அடி நிக்கும். அதான் அவங்களும் நின்னுட்டாங்க." சின்ன முதலாளி குரலைத் தாழ்த்தினார். "கொள்முதல் பண்ற அம்மா நேர்ல பார்க்க வர்றாங்க. அவங்க ஆர்டர் கிடைச்சாதான் நமக்கு மூச்சு. அப்பா ஏற்கனவே கோவமா இருக்கார். இது சரியா வரலேன்னா உங்களைக் கிடங்குக்கு மாத்திட்டு வேற ஆள் பார்க்கலாம்ங்கறார்."

கிடங்கு என்பது பின்கட்டில் ஜன்னல் இல்லாத கூடம். கூரை வரைக்கும் அட்டை. அட்டைத் தூசி பட்டாலே சூப்பர்வைசருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டு விடாது. அதைவிடப் பெரிய விஷயம், அங்கே நாற்காலி கிடையாது. படியேறிப் போக ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரு சுழல் நாற்காலி, நிமிர்ந்தால் தளம் முழுக்கத் தன்னைப் பார்க்கிறது என்கிற நினைப்பு. இத்தனை வருஷ உழைப்பில் அவர் கண்ட மரியாதை அவ்வளவுதான். அதுவும் ஒரு டம் டம்மால் போகப்போகிறது என்று நினைத்தபோது அழுகையே வந்தது.

வீட்டுக்குப் போனதும் மகளைப் பிடித்தார். கல்லூரியில் படிக்கிறவள், எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு திரிகிறவள்.

"இந்த ட்ரான்ஸ், டெக்னோ, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்தாள்.

"டெக்னோன்னா மெஷின்பா. ஒரே அடி. எங்கயும் போகாது, எங்கயும் நிக்காது. கேக்கக் கேக்க உள்ளுக்குள்ள சின்னச் சின்னதா மாறிக்கிட்டே இருக்கும், ஆனா அடி மட்டும் அசையாது. ட்ரான்ஸ் அப்படியில்ல. அதுக்கு ராகம் வேணும், கண்ணீர் வேணும். ஏறும், ஏறும், உச்சிக்குப் போனதும் அடியை நிறுத்திட்டு உங்களை அந்தரத்துல தொங்கவிடும். ஏங்கி ஏங்கி நீங்க தவிச்சதுக்கு அப்புறம் தொபுக்கடீர்னு மொத்தமா வந்து விழும்."

"திடீர்னு ஒண்ணும் பேசாம நிறுத்திட்டு, நம்மளைத் தவிக்கவிட்டு, அப்புறம் மொத்தமா வந்து விழறதா? உங்கம்மா கோவிச்சுக்கற மாதிரி."

"எல்லாம் காதுல விழுது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை. பாத்திரம் வைக்கிற சத்தம்கூட இல்லை.

"இதாம்பா அந்தரத்துல தொங்கறது" என்றாள் மகள் மெதுவாக. "இனிமே வந்து விழும் பாருங்க."

விழுந்தது. அவர் கல்யாணத்தன்று கட்டியிருந்த வேட்டியின் தரத்திலிருந்து ஆரம்பித்து, சென்ற வாரம் வாங்கி வந்த அழுகின தக்காளி வரைக்கும் விழுந்தது. சூப்பர்வைசருக்கு ட்ரான்ஸ் ஓரளவு பிடிபட்டது.

"சும்மா கேட்டா உங்களுக்குப் புரியாதுப்பா" என்றாள் மகள். "கையால தொடர்ந்து பாருங்க. அடிக்கு அடி விரலைச் சுத்துங்க. ராகம் வந்தா கையை அது போற பக்கம் விடுங்க. ட்ரான்ஸா இருந்தா உச்சிக்கு வர்றப்ப கை தானா மேல போயிடும். டெக்னோவா இருந்தா வெறும் தலைதான் ஆடும்."

அவர் கண்ணை மூடிப் பயிற்சி செய்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் விரல் சுழன்றது.

"சோத்துல ஈ ஓட்டறீங்களா?" என்றார் மனைவி.

"உத்தியோகம்டீ. உனக்குப் புரியாது."

மறுநாள் காலையில் டெக்னோ. டெக்னோ என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டே போட்டார். மகள் சொன்னது சரிதான். எந்திரத்துக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. ஒரு இழுவை இல்லை, முனகல் இல்லை. தலை தானாக ஆடியது, விரல் தானாகச் சுற்றியது. கீழே பெல்ட் நிற்கவே இல்லை. டம்ளர்கள் வரிசை கலையாமல் வந்தன, கைகள் எடுத்தன, சுற்றின, அடுக்கின. சூப்பர்வைசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு எளிசான விஷயத்துக்கா ராத்திரி தூங்காமல் கிடந்தோம் என்று தோன்றியது.

டீ நேரம் வந்தது. டீ கொண்டுவருகிற அம்மா வாசலில் கெட்டிலோடு நின்றார். ஆட்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து மேலே கண்ணாடி அறையைப் பார்த்தார்கள். திரும்பக் குனிந்து வேலை செய்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் டீக்கார அம்மா படியேறி வந்துவிட்டார். "டீ ஆறிப்போச்சு சார். ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க. நான் போட்ட டீ அவ்வளவு மோசமா?"

"உங்க டீ இல்லம்மா. டெக்னோ அப்படித்தான். நிக்காது."

"யாரா இருந்தா என்ன, ஆறின டீயை யார் குடிக்கறது?"

மதியத்துக்குள் காலிப் பெட்டி தீர்ந்துபோனது. அடுக்கி முடித்த பெட்டிகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. கிடங்கிலிருந்து வண்டி உள்ளே வர முடியவில்லை, உள்ளே இருந்த டீக்கார அம்மா வெளியே போக முடியவில்லை. டேப் ஒட்டுகிறவர் ஒற்றைக் காலில் நின்று நெளிந்துகொண்டிருந்தார். கழிப்பறைக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. அப்படியும் கை நிற்கவில்லை. சூப்பர்வைசருக்கே பயமாகிப் பாட்டை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் டேப் ஒட்டுகிறவர் ஓடினார்.

சாப்பாட்டு வேளையில் எல்லோரும் சேர்ந்து படியேறி வந்தார்கள். பெல்ட் அக்கா முன்னால் நின்றார்.

"நாங்க மனுஷங்களா, மெஷினா சார்? ஒரு டீ குடிக்கக்கூட விட மாட்டீங்களா?"

"நான் எங்கம்மா வேண்டாம்னேன்?"

"இதென்ன சார், அத்தனை பேர் பார்த்தோம்..."

"பார்த்தது இருக்கட்டும். இதுக்கெல்லாம் டெக்னோதான் காரணம். எனக்கு இதுல சம்பந்தமே இல்ல. அதோட குணமே அப்படி. அது நிக்காது, நம்மளையும் நிக்க விடாது."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டேப் ஒட்டுகிறவர் தயங்கிக் கேட்டார்.

"யார் சார் அந்த டெக்னோ? புதுசா வந்திருக்கற மேனேஜரா?"

"என்ன, கிண்டலா?" என்று சூப்பர்வைசர் கத்தினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு யாரும் மேலே கேட்கவில்லை. இன்னொரு தடவை இப்படி வேலை வாங்கினால் கொள்முதல் அம்மா வருகிற அன்றைக்கு ஒருத்தரும் வர மாட்டோம் என்று மட்டும் அக்கா சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சின்ன முதலாளிக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. "டெக்னோவை மட்டும் போட்டா மனசு வறண்டுடும் அங்கிள். கொஞ்சம் ட்ரான்ஸ் கலந்து விடுங்க. ராகமா இருக்கறதா பார்த்து. மனசு இளகும்."

"ட்ரான்ஸ் போட்டா நின்னுடறாங்களே தம்பி."

"அது அடி நிக்கறதால. நீளமா ராகம் வர்றதா போடுங்க."

இடுப்பில் வைத்திருந்தபோதே கீழே போட்டிருக்கலாம் என்று சூப்பர்வைசருக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை வெளியே காட்டாமல் தலையசைத்தார். மகளிடம் சொல்லி, இருப்பதிலேயே ராகமான ட்ரான்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அழகாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்வது அவருக்குக் கஷ்டமாக இருந்தாலும் அழகாக இருந்தது. அந்த ராகம் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. மகள் சொன்னபடி கையை அது போகிற பக்கம் விட்டார். ஏனோ செத்துப்போன அண்ணன் ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தார்.

கீழே எல்லோரும் நல்ல டம்ளர்களை எடுத்து உடைசல் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, படிகளில் பாதியை மிதிக்காமலே இறங்கி ஓடினார். தொட்டி பாதி நிரம்பியிருந்தது. ஒரு கீறல் இல்லாத, மணி போன்ற டம்ளர்கள். பெல்ட் அக்காவைக் கையைப் பிடித்து வெளியே வராந்தாவுக்கு இழுத்து வந்தார்.

"நல்ல டம்ளரைப் போய் உடைக்கறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"எங்களுக்கு மட்டும் வயிறு எரியலையா சார்? போடறப்ப ஒவ்வொருத்தருக்கும் கண்ணுல தண்ணி. ஆனா என்ன செய்யறது, நீங்க..."

"போதும். புரியுது." அவருக்கு நிஜமாகவே புரிந்தது போல் இருந்தது. அவருக்கே கண்ணில் தண்ணீர் வந்ததே. "எனக்கே தாங்கலம்மா. உங்களுக்கு எப்படித் தாங்கும்?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா சார் என்று அன்பாகக் கேட்டார். சூப்பர்வைசர் தும்மினார். பயத்திலேயே தும்மல் வர ஆரம்பித்துவிட்டது.

பெரிய முதலாளி அன்றைக்கு நேரிலேயே வந்து தொட்டியைப் பார்த்தார். "பார்ட்டி வர்றன்னிக்கு ஒரு டம்ளர் உடைஞ்சாலும் நீங்க கிடங்கு" என்றார். அவ்வளவுதான்.

கொள்முதல் அம்மா வந்தார். வெள்ளைத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ஆளைப் பார்ப்பதும் அவருக்கு ஒன்றுதான் போலிருந்தது. சின்ன முதலாளி அவரைக் கண்ணாடி அறைக்கே கூட்டி வந்து சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார். பெரிய முதலாளியும் பின்னாலேயே படியேறி வந்தார்.

"ஏதோ பாட்டு முறைன்னு சொன்னாரே உங்க பையன், அதைக் காட்டுங்க" என்றார் அந்த அம்மா பெரிய முதலாளியிடம்.

சூப்பர்வைசர் சின்ன முதலாளியை ஓரமாக இழுத்தார். "தம்பி, உங்க கால்ல விழறேன். இன்னிக்கு ஒரு நாள் பாட்டு வேண்டாம்."

"பாட்டுக்குத்தானே அங்கிள் வந்திருக்காங்க."

"அப்ப டெக்னோவாவது போடுங்க."

"டெக்னோ போட்டா அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று சொல்லி, அவரே ட்ரான்ஸைத் தட்டிவிட்டார். அதுவும் பெல்ட் நின்ற அன்றைக்கு ஓடிய அதே பாட்டு.

நாற்காலி போய்விட்டது. சூப்பர்வைசர் கண்ணாடி ஓரமாக, பெரிய இடத்து விருந்தாளி முன்னால் நிற்க வேண்டிய மரியாதையில் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றார். பயத்தில் கட்டு இறுகி விரல்கள் கக்கத்துக்குள் புதைந்தன. பாட்டு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. உச்சிக்கு வந்தது. அடி நின்றது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கிடங்கின் இருட்டு தெரிந்தது.

டம்ளர்கள் தொட்டியில் விழுந்து நொறுங்குகிற ஓசைக்காகக் காத்திருந்து, அது வராததால் கண்ணைத் திறந்தார். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. ராகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. யாரும் ஒரு டம்ளரைக்கூடத் தொட்டியில் போடவில்லை. பிறகு தொபுக்கடீர் என்று மொத்தப் பாட்டும் வந்து விழுந்தது. பெல்ட் தன் வேகத்திலேயே போனது. டேப் ஒட்டுகிறவர் நிதானமாக ஒட்டினார். டீ நேரத்துக்கு நின்றார்கள், குடித்தார்கள், திரும்ப வந்தார்கள். ஒரு டம்ளர் உடையவில்லை.

"பழகிட்டாங்க" என்றார் சின்ன முதலாளி பெருமையாக. "எல்லாம் அங்கிள் கொடுத்த பயிற்சி."

கொள்முதல் அம்மா முதல் தடவையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் சூப்பர்வைசரைப் பார்த்தார். ட்ரான்ஸுக்கும் டெக்னோவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். சூப்பர்வைசர் கட்டிய கையை அவிழ்க்காமலே சொன்னார். டெக்னோ ஆளை வேலை வாங்கும் என்றார், ட்ரான்ஸ் ஆளை அழவைக்கும் என்றார், ரெண்டையும் தாங்குகிற பக்குவத்துக்கு ஆட்களைக் கொண்டுவருவதுதான் கஷ்டம் என்றார். இவ்வளவும் தனக்கு எப்படித் தெரிந்தது என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

ஆர்டர் உறுதியானது. அதோடு நிற்கவில்லை. தங்களுக்குச் சப்ளை செய்கிற மற்ற இடங்களுக்கும் அவர் வந்து இந்த முறையைச் சொல்லித்தர வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். பெரிய முதலாளி சூப்பர்வைசரின் தோளில் கை போட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை அங்கே வந்ததே இல்லை. சூப்பர்வைசருக்குத் தும்மல் நின்றே போனது.

"கிளம்பறதுக்கு முன்னாடி வேலை செய்யறவங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை பேசணும்" என்றார் கொள்முதல் அம்மா.

பாட்டை அணைத்துவிட்டு, பெல்ட் அக்காவை மேலே கூப்பிட்டார்கள். வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒருவரை முழு வாக்கியம் பேசவிடுவது என்று தீர்மானித்து, சூப்பர்வைசர் பெருந்தன்மையாகக் கேட்டார்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. இத்தனை நாளா ஓடின பாட்டுல உங்களுக்கு எது பிடிச்சுது? ட்ரான்ஸா, டெக்னோவா?"

அக்கா இரண்டு காதிலிருந்தும் அடைப்பானைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"பாட்டா? இதை வச்சுக்கிட்டு எங்களுக்கு எந்தப் பாட்டு சார் கேக்கும்? நீங்க கையைத் தூக்கினா நிறுத்தினோம், விரலைச் சுத்தினா வேகமா ஓட்டினோம், கையை வீசினா நல்ல டம்ளரையும் தொட்டியில போட்டோம், இன்னிக்குத்தான் புண்ணியவான் நீங்க கையைக் கட்டிக்கிட்டு எங்களை வேலை பார்க்க விட்டீங்க."